மூச்சு முதலில் வரும், கால் பின்னால்தான் வரும்

ஓட்டமும் நடையும்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் மதுரையில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வருத்தம்தான். ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ காரணத்தால் நிறுத்தியிருக்கிறார்கள். மறுபடி மைதானத்துக்குப் போனால் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு வயது 34. வாரத்தில் ஐந்து நாள் ஓடுவேன். 10 கிலோமீட்டரை 56 நிமிடத்தில் முடிப்பேன். ஐப்பசி மழை நேரத்தில் சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் ஓட முடியவில்லை. போன வாரம் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருட உழைப்பும் போய்விட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– வாசகர், வில்லாபுரம்

போகவில்லை தம்பி. நாலு வருடத்தில் சேர்த்ததை மூன்று மாதம் தின்றுவிடாது. ஆனால் எது குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று தெரியாமல் ஓட ஆரம்பித்தால், கையில் இருப்பதையும் விட்டுவிடுவீர்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தொடர்ந்து ஓடுகிறவர்கள் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுதலாக இருக்கும். பிளாஸ்மா என்பார்கள். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது இதுதான், அதுவும் சில நாட்களிலேயே. ரத்தத்தின் அளவு குறைந்தால், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தமும் குறைந்துபோகும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரில் நீங்கள் உட்கார்ந்தபோது நெஞ்சு படபடத்ததற்குப் பெரும்பங்கு காரணம் இது. ஆனால் முதலில் போன இதுதான் முதலில் திரும்பியும் வரும். ஒழுங்காக ஓட ஆரம்பித்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

1984-ல் அமெரிக்காவில் எட்வர்ட் காய்ல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருக்கச் சொன்னார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. நாம் 'தம்' என்று சொல்வதற்கு நெருக்கமானது. அது முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56-வது நாளில் 16 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு 84-வது நாள் வரை அதற்குக் கீழே இறங்கவில்லை. உங்கள் மூன்று மாதமும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அவர்கள் நோயாளிகள் இல்லை, உங்களுக்குக் காய்ச்சலும் சேர்ந்து வந்தது, அதனால் சரிவு இன்னும் கொஞ்சம் அதிகம் இருக்கலாம்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. தசைக்குள் ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் அந்த 84 நாளிலும் குறையவே இல்லை. வண்டியூர் கண்மாயைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றி, தரை வெடித்துக் கிடக்கும். ஆனால் கரை இருக்கிறது, மடை இருக்கிறது, வரத்துக்கால் இருக்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் வந்துவிடும். கண்மாயைப் புதிதாக வெட்டுகிற வேலை அங்கே இல்லை. உங்கள் உடம்பும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் பயம் எதில்? காலில்.

மூச்சு வாரக்கணக்கில் திரும்பும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு ஆகும். பழைய வீட்டில் புதுச்சுவர் எழுப்புகிற கொத்தனார் முதலில் பழைய காரையைக் கொத்தி எடுப்பார், எலும்பும் அப்படித்தான். புதிதாகப் பளு வந்தால் முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். கரைக்கிற வேலை சில வாரத்தில் முடியும். கட்டுகிற வேலைக்குச் சில மாதம் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். அதே நாட்களில்தான் மூச்சு திரும்பி வந்து, 'இன்னும் போ, இன்னும் போ' என்று தள்ளும். நான் பார்த்தவரை, இடைவெளி விட்டு வந்தவர்கள் அடிபடுவது முதல் வாரத்தில் இல்லை. நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். 1998-ல் டைபாய்டு வந்து இரண்டு மாதம் ஓட்டம் நின்றுபோனது. அப்போது எனக்கு 38 வயது. தினமும் காலையில் எழுந்ததும் பாயில் படுத்தபடியே மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காய்ச்சலுக்கு முன்னால் எல்லாப் பக்கத்திலும் 52, 53 என்று இருக்கும். திரும்ப ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் 71, 70, 72. மூன்றாவது வாரம் 62. நாலாவது வாரக் கடைசியில் 55. அந்த 55-ஐ இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பழைய ஆள் திரும்பிவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பையன்களோடு அழகர்கோவில் ரோட்டில் 16 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு அவ்வளவு சுகமாக இருந்தது. புளியமர நிழலில் பையன்களோடு பேசிக்கொண்டே ஓடினேன். மறுநாள் வலது கணைக்கால் எலும்பில், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, லேசாக வலித்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் மேலும் ஓடினேன். வியாழக்கிழமை பள்ளிக்கூட மாடிப்படி இறங்கும்போது கால் வைக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. 'சதைப்பிடிப்புதான், ஓடலாம்' என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு இடத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. டைபாய்டு என்னிடம் எடுத்துக்கொண்டது இரண்டு மாதம். என் அவசரம் எடுத்துக்கொண்டது நாலு மாதம்.

அதனால் தம்பி, ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஓடி முடித்த மாலையில் உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளமாக, பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆனால் ஒரே இடத்தில், ஒரு விரல் நுனி அகலத்தில், 'சுரீர்' என்று வலித்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று ஓடிவிடாதீர்கள்.

இனி உங்கள் காய்ச்சல் விஷயம். சிக்குன்குனியா என்ற பெயரே ஆப்பிரிக்காவில் மக்கொண்டே மக்களின் மொழியிலிருந்து வந்தது. உடம்பை வளைத்து முடக்குவது என்று பொருள். 2006-ல் அது இங்கே பரவியபோது தெருவில் பாதிப்பேர் குனிந்தபடி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். காலையில் எழுந்ததும் கணுக்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதல் பத்து அடியில் இறுக்கம் விட்டுவிட்டால் பரவாயில்லை. அரைமணி நேரம் ஆகியும் விடவில்லை, வீக்கம் இருக்கிறது என்றால் அன்று ஓட வேண்டாம், நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், மூட்டின் நிலை அப்படியேதான் இருக்கும்.

எப்படித் தொடங்குவது? முதலில் வெறும் நடை. தொடர்ந்து 40 நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் காலை மூட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஓட்டத்துக்குத் தயார். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரைமணி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதற்கடுத்து இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்தாவது வாரத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடுகிற நிலைக்கு வரலாம். வேகம் என்ற பேச்சே முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். கூட ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிற வேகம் போதும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இதில் உங்களுக்குக் கஷ்டமான வாரம் எது தெரியுமா? அந்த ஐந்தாவது வாரம்தான். அன்றைக்கு மூச்சு நன்றாக இருக்கும், கை அரிக்கும், 10 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கத் தோன்றும். அந்த வாரத்தில் தூரத்தைக் கூட்டாதீர்கள். நாலாவது வாரம் ஓடிய அதே தூரத்தைத் திரும்ப ஓடுங்கள்.

ஓடாத நாட்களில் படிக்கட்டில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். கெண்டைக்காலும் குதிநாணும் பலப்பட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தார் ரோட்டைவிட, முடிந்தால் மண்தரையில் தொடங்குங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானம் தூரமாக இருந்தால் பக்கத்துப் பள்ளி மைதானம் போதும். தெப்பக்குளத்தை விட்டுவிட வேண்டாம், ஆனால் அங்கே ஒரு சுற்று கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். ஒரு சுற்றை முடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்காமல், ஒரு கரை ஓட்டம், ஒரு கரை நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு கரையும் உங்களுக்கு நல்ல கடிகாரம். பத்து வாரத்தில் உங்கள் பழைய 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடுவீர்கள் என்று நம்புகிறேன். 56 நிமிடம் அதற்கப்புறம் வரும்.

மகள் கல்யாணம். பத்துப் பன்னிரண்டு நாள் ஓட முடியாது. செய்த பயிற்சியெல்லாம் வீணாகிவிடுமா?
– வாசகர், அனுப்பானடி

ஆகாது. கல்யாணத்தை நிம்மதியாக நடத்துங்கள். பத்து நாளில் குறைவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன ரத்த நீர்தான். திரும்பி வந்து ஒரு வாரம் மெதுவாக ஓடினால் சரியாகிவிடும். பந்தியில் அலைகிற அலைச்சலே ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்.

மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். வேலை நெருக்கடி என்றால் அடியோடு நிறுத்தாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளரின் குழு, வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தவர்களை நாலு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் குறைக்கச் சொல்லிப் பார்த்தது. ஒவ்வொரு நாள் பயிற்சியின் நேரத்தையும் வேகத்தையும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் அவர்கள் தம் குறையவில்லை. வாரத்தில் இரண்டே நாள் கிடைத்தாலும், அந்த இரண்டு நாளில் வழக்கமான வேகத்தில் ஓடிவிடுங்கள்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். எழுத்துத் தேர்வுக்குப் படிப்பதற்காக ஒரு மாதம் மைதானத்துக்கே போகவில்லை. முன்பு 1500 மீட்டரை 6 நிமிடம் 20 வினாடியில் ஓடினேன். இப்போது 7 நிமிடம் 15 வினாடி ஆகிறது. உடல்திறன் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. முடியுமா?
– மாணவர், உசிலம்பட்டி

முடியும். ஏழு வாரம் உனக்குத் தாராளம். தேர்வில் கேட்கிற ஏழு நிமிடத்துக்குள் என்றால் 400 மீட்டர் பாதையில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. நூறு மீட்டருக்கு 28 வினாடி. இந்தக் கணக்கு உன் காலுக்கு மனப்பாடமாக வேண்டும். பையன்கள் தோற்பது தம் இல்லாததால் மட்டும் இல்லை. விசில் ஊதியதும் கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 1 நிமிடம் 30-ல் ஓடிவிட்டு, மூன்றாவது சுற்றில் நடந்து வருவார்கள். நூறு முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும்.

முதல் மூன்று வாரம் மெதுவான ஓட்டம் மட்டும். வாரத்தில் நாலு நாள், 25 முதல் 35 நிமிடம். நாலாவது வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டர் ஓட்டங்கள்: ஒவ்வொன்றும் 1 நிமிடம் 45 வினாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை. நாலு தடவையில் தொடங்கி ஆறு வரை போ. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடு. தேர்வுக்கு முதல் நாள் எவ்வளவு ஓட முடியும் என்று சோதித்துப் பார்க்காதே. கால் கனத்துப்போகும்.

யாராவது ஊசி, பவுடர் என்று ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதே. காலையில் பயறும் கடலையும், ஓடி முடித்ததும் இரண்டு முட்டை அல்லது கேப்பைக்கூழ். அது போதும்.

குழந்தை பிறந்து ஐந்து மாதம். அறுவைப் பிரசவம். அதற்கு முன் வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடுவேன். மறுபடி ஓட ஆசையாக இருக்கிறது. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, திருமங்கலம்

அம்மா, உங்கள் மாமியார் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவரிடம் சண்டை போடாதீர்கள். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குவது ஒரு தொட்டில் போன்ற தசை. கர்ப்பத்திலேயே அது தளர்ந்துவிடும். வயிற்றை அறுத்து எடுத்த பிரசவமானாலும் அந்தத் தளர்ச்சி இருக்கும், வயிற்றுத் தையலும் உள்ளே ஆற நாளாகும். ஆகவே குறைந்தது மூன்று மாதம் ஓடக்கூடாது என்பது டாக்டர்களும் சொல்வதுதான். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. அதனால் இப்போது உங்கள் உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பிரசவம் பார்த்த டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு மூச்சு வாங்குவதற்குப் பாதிக் காரணம் ரத்தசோகைதான், பயிற்சி விட்டுப்போனது இல்லை. அது சரியாக இருந்தால் வீட்டிலேயே மூன்று சோதனை: அரைமணி நேரம் வேகமாக நடப்பது, ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்பது, ஒற்றைக் காலில் பத்து முறை நொண்டி குதிப்பது. நொண்டி விளையாடி வளர்ந்தவர்தானே நீங்கள். அப்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல் கனம் தெரிந்தாலோ, தையல் இழுத்தாலோ ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியைத் தினமும் செய்துகொண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்துவைத்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அது சரியாக்கக்கூடிய விஷயம் அம்மா.

மூன்றும் சரியாக இருந்தால், வில்லாபுரம் தம்பிக்குச் சொன்ன அதே ஓட்டம்–நடைக் கணக்கில் தொடங்குங்கள். பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பும் கனக்காது, குழந்தையும் அழாது. மிதமான ஓட்டத்தால் பால் குறையாது. திரும்பி வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரோ நீர்மோரோ குடித்துவிடுங்கள். குழந்தை இரவெல்லாம் தூங்கவிடவில்லை என்றால் அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு நீங்கள் தூங்குங்கள். நாலுவழிச்சாலை ஓரத்தில் ஓட வேண்டாம். முதல் சில நாள் மாமியாரையும் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணால் பார்த்தால் அவர் பயம் போய்விடும்.

கணுக்கால் சுளுக்கி ஒரு மாதம் ஓடக் கூடாது என்றார்கள். சைக்கிள் மிதித்தால் தம் குறையாமல் இருக்குமா?
– வாசகர், மேலூர்

டாக்டர் அனுமதித்தால் நிச்சயம் மிதியுங்கள். மூச்சுக்கு அது நல்ல காப்பு. தோட்டத்தில் கிணறு இருந்து, நீச்சல் தெரிந்தால் அது இன்னும் நல்லது. அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட் 1984-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து 17 நாளில் மாரத்தான் தகுதிப் போட்டியில் ஓடி வென்றார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் மாரத்தான் தங்கமும் அவருக்குத்தான். சிகிச்சைக்குப் பிறகு கையால் பெடலைச் சுற்றித் தம்மைக் காத்துக்கொண்டார். அவரைப் போல 17 நாளில் ஓடச் சொல்லவில்லை. இதயத்துக்கு ஓடுவதும் மிதிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் சைக்கிளில் எலும்புக்கு அதிர்வு கிடைக்காது. ஒரு மாதம் மிதித்துவிட்டு வந்தால் மூச்சு முழுசாக இருக்கும், கால் மட்டும் ஒரு மாதம் பின்தங்கியிருக்கும். மேலே என் கணைக்கால் கதையை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் திரும்பி வருகிற நேரம் கத்திரி வெயிலாக இருந்தால், வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினாலு நாள் ஆகும். அந்த நாட்களில் விடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

வயது 63. ரயில்வேயில் இருந்தபோது துறைப் போட்டிகளில் 5000 மீட்டர் ஓடியவன். 22 வருடமாக ஓடவில்லை. எடை 84 கிலோ. போனது போனதுதானா?
– வாசகர், எல்லிஸ் நகர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஓடிய காலத்தில் ரயில்வே அணிகளோடு ஓடித் தோற்றவர்களில் நானும் ஒருவன். அந்தப் பச்சை ஜெர்சிகளை மறக்க முடியாது.

1966-ல் டல்லஸ் நகரத்தில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்கள் தம் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். தொப்பை விழுந்து, எடை கூடி, ஐம்பது வயதில் இருந்தார்கள். முப்பது வருட முதுமை குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது. அப்புறம் அவர்களை ஆறு மாதம் நடக்க, மெதுவாக ஓட, சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதுதான், ஒன்றும் பெரிய வேகம் இல்லை. ஐந்து பேரும் சராசரியில், 20 வயதில் படுக்கைக்குப் போவதற்கு முன்னால் இருந்த அதே அளவுக்குத் திரும்பினார்கள். உங்களுக்கு 63, அவர்களுக்கு 50, அந்த வித்தியாசம் உண்டு. உங்கள் பழைய 5000 மீட்டர் நேரம் வராது. ஆனால் மூச்சு வாங்காமல் அரைமணி ஓடுகிற உடம்பு வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு நிபந்தனை. முதலில் இதய டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி., டிரெட்மில் சோதனை எல்லாம் செய்துகொள்ளுங்கள். முன்னாள் வீரர்கள் இதைத் தவிர்ப்பார்கள், நமக்கு என்ன வரப்போகிறது என்று. நமக்கும் வரும் ஐயா. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல் இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இரண்டாவது, முதல் மூன்று மாதம் நடை மட்டும். 84 கிலோவை இந்த வயதில் குதிநாண் மேல் திடீரென்று ஏற்றக் கூடாது. மூன்று மாதம் கழித்து அந்த நடைக்குள் ஒரு நிமிடம் ஓட்டத்தைச் செருகலாம்.

எல்லிஸ் நகரிலிருந்து தெப்பக்குளம் கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தரைக்கு, மாரியம்மன் கோவில் பக்கக் கரையில் நான் இருப்பேன். டாக்டர் சீட்டோடு வாருங்கள். முதல் சுற்று சேர்ந்து நடப்போம், பச்சை ஜெர்சிக் கதைகளை நீங்கள் சொல்லுங்கள்.